நட்சத்திரங்கள் நீர்வாட்டம் பார்ப்பதில்லை

முகாம் திடல் என்பது கூரையில்லாத ஓட்டல் என்ற எண்ணம் அமெரிக்காவில் கூடாரத்தோடும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியோடும் வெளியூர் கிளம்புகிறவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மின்சாரம், குழாய் நீர், கழிவுக்குழாய், வெந்நீர்க் குளியல், நீச்சல் குளம், வைஃபை, சிறுவர் ஊஞ்சல் என்று எண்ணிக்கொண்டே போய், எதில் எண்ணிக்கை கூடுகிறதோ அதுவே உயர்ந்த திடல் என்று முடிவு கட்டுகிறார்கள். கூடாரக்காரர், பிள்ளைகுட்டியோடு வருபவர், ஆர்.வி.க்காரர் ஆகிய மூவருக்கும் ஒரே வளாகத்தில் இடமிருந்தால் இன்னும் மேல். பெயர்பெற்ற இடத்துக்குப் பக்கத்தில், அதுவும் ஓடைக்கரையில் மனை கிடைத்துவிட்டால் வேறெதையும் விசாரிப்பதே இல்லை. இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. இத்தனை காலம் கேள்வி கேட்பாரின்றி நின்றதற்கு அதுதான் காரணம். டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைப் பகுதியை எடுத்து வைத்து ஒரு திடலைத் தேர்ந்து பார்த்தால், இவற்றில் எதுவும் உரைகல்லில் தேறாது.

இந்த எண்ணத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் வழியில் தங்க இடமின்றித் திண்டாடியதைப் பார்த்தார் டேவ் டிரம் என்ற தொழிலதிபர். மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் இருந்த தம் நிலத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். மேசை, அடுப்புக்குழி, வெந்நீர்க் குளியல், சுத்தமான கழிப்பறை, ஒரு சின்னக் கடை; இரவுக்கு 1.75 டாலர். கே.ஓ.ஏ. என்ற பெயரில் இன்று 500க்கும் மேற்பட்ட திடல்கள் இயங்குவதற்கு அதுவே வித்து. பகல் முழுதும் வண்டி ஓட்டிக் களைத்தவருக்கு அந்தத் திடல் செய்த உதவியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அது வழிப்போக்கருக்கான சத்திரம். விடிந்தால் கிளம்பிவிடப் போகிறவரின் தேவைகளை வைத்து உருவான பட்டியல், நான்கு நாள் மலையில் இருக்க வருபவருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொண்டதில் பிழை தொடங்கியது.

மதிப்பெண் முறைகள் அந்தப் பிழைக்கு எண் வடிவம் கொடுத்தன. குட் சாம் வழிகாட்டி தரும் மூன்று எண்கள் பலருக்கும் தெரிந்தவை: வசதிகள் எவ்வளவு முழுமை, கழிப்பறையும் குளியலறையும் எந்த நிலையில் இருக்கின்றன, தோற்றம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. கணக்கு நேர்மையானதுதான். ஆனால் அது ஆர்.வி. வைத்திருப்போரின் சங்கம் ஆர்.வி. வைத்திருப்போருக்காகப் போட்டது. கூடாரத்தின் அடியில் தண்ணீர் நிற்குமா, மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று அந்த எண்களிடம் கேட்டால் பதில் வராது. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது வடிகட்டிப் பார்க்க உதவும் கட்டங்களும் இதே வழியில்தான் செல்கின்றன. எதை எண்ண முடியுமோ அதற்கு ஒரு கட்டம் உண்டு. மண்ணுக்கும் சரிவுக்கும் கட்டம் கிடையாது.

‘மூவருக்கும் ஏற்றது’ என்ற விளம்பரத்தை முதலில் பார்க்கலாம். ஆர்.வி. கேட்பது கெட்டித் தரை. பெரிய மோட்டார் வீடு பத்து டன்னைத் தாண்டும். மழை ஈரத்தில் புல்தரை அதைத் தாங்காமல் சக்கரத்தை விழுங்கிவிடும். தரை கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, மட்டமாகவும் இருக்க வேண்டும். பல ஆர்.வி.களில் இன்னும் இருக்கும் அம்மோனியா வகைக் குளிர்பெட்டிக்குள் திரவம் இறங்குவது புவியீர்ப்பினால்தான். வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைப்பட்டு, பெட்டியின் குளிரூட்டும் பகுதியே பாழாகும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து நிறுத்துகிற வழக்கம் படுக்கை சாய்கிறது என்பதற்காக மட்டும் வந்ததல்ல. பிறகு மேலே கிளை உரசாத வெளி வேண்டும். வண்டியின் உயரம் 13 அடியைத் தொடலாம். எட்டரை அடி அகல வண்டியின் பக்கச் சுவர்கள் இழுப்பறை போல வெளியே நீண்டால் அகலம் 14 அடிக்குப் போய்விடும்.

கூடாரத்தின் தேவைகள் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கின்றன. முளை இறங்குகிற மண், நீரை உடனே குடிக்கிற மண், உடம்பு உணராத அளவுக்கு ஒரு மெல்லிய வாட்டம், வெயிலை மறைக்கும் மரம், காற்றைத் தடுக்கும் புதர் ஆகியவை வேண்டும். ஆர்.வி.க்காக ஜல்லி கொட்டி உருளை ஓட்டிய தரையில் முளை வளைந்துபோகும். பெய்த மழை இறங்க வழியில்லாமல் விரிப்பின் அடியில் தேங்கும். ஒலியிலும் இதே முரண்தான். வண்டியின் கூரையில் ஓடும் ஏ.சி. உள்ளே இருப்பவருக்குத் தாலாட்டு. பத்தடி தள்ளித் துணிச்சுவருக்குள் படுத்திருப்பவருக்கு அது மாவு மில். ஒருவருடைய வசதி இன்னொருவருடைய தொல்லையாக இருக்கும் இடத்தில் ‘மூவருக்கும் ஏற்றது’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: வண்டிகளுக்கு நல்ல தரையைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூலையில் கூடாரங்களை ஒதுக்குவது. அந்த மூலை சாலையோரமாக இருக்கும். இல்லையென்றால் பள்ளமாக இருக்கும். சில தனியார் திடல்களின் வரைபடத்தை விரித்தாலே இது கண்ணில் படும்.

பொது நிர்வாகங்களே ஒரு திடல் எல்லாருக்கும் பொருந்தும் என்று நம்பவில்லை. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மின்சாரம், நீர், கழிவு என மூன்று இணைப்பும் உள்ள ஒரே திடல் ஃபிஷிங் பிரிட்ஜ். அங்கே கூடாரத்துக்கு அனுமதியே இல்லை. கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும் நுழையலாம். துணி மடிப்புள்ள இழுவை வண்டிகளுக்குக்கூட இடம் இல்லை. ஸ்மோக்கி மலையின் பிக் கிரீக் திடலில் விதி தலைகீழ்: மொத்தமே 12 மனைகள், எல்லாம் கூடாரத்துக்கு, ஆர்.வி. வரக்கூடாது. இரண்டும் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. வசதி எண்ணிக்கையில் பிக் கிரீக்குக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து அதைத் தாழ்ந்த திடல் என்பது, தோசைக்கல்லில் இட்லி வேகவில்லை என்று குறை சொல்வதற்கு ஒப்பு.

வசதிப் பட்டியல்காரர்கள் பொதுத் திடல்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: பழசு, குறுகல், காலத்துக்கேற்ப மாறாதவை. இதற்குப் பதில் ஒரு தாவர நோயியல் அறிஞரிடம் இருக்கிறது. இ. பி. மைனெக்கே 1920களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் மரங்கள் ஏன் நலிகின்றன என்று ஆராய்ந்தார். காரும் காலும் மிதித்து மிதித்து மண் இறுகிப்போனதால் வேர்கள் மூச்சடைத்துக் கிடந்தன. அக்காலத்தில் முகாமுக்கு வந்தவர்கள் விரும்பிய மரத்தடிக்கே காரை ஓட்டிச் சென்று கூடாரம் அடித்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தோப்பு பொட்டலாகிவிடும், அடுத்த தோப்புக்கு நகர்வார்கள். 1932இல் வனத்துறைக்காக அவர் எழுதிய முகாம் கொள்கை இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருவழிச் சாலை வளையமாகச் சுற்றி வரும். அதிலிருந்து சாய்வாகப் பிரியும் குறுங்கிளையில்தான் கார் நிற்கும். பாறைகளும் கட்டைகளும் அதற்கு மேல் கார் போகாமல் மறிக்கும். மேசையும் அடுப்பும் இடம் மாறா. இரண்டு மனைகளுக்கு நடுவே புதர் அப்படியே விடப்படும். பெருமந்த காலத்தில் சி.சி.சி. இளைஞர் படையினர் நாடெங்கும் கட்டிய திடல்கள் இந்த வரைவில் எழுந்தவை. இன்றுவரை அமெரிக்க முகாம் திடல் என்றால் மனத்தில் தோன்றும் உருவம் அதுதான்.

ஆகவே அந்தக் குறுகல் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. மரத்தின் வேரைக் காப்பதற்காகவே அப்படி வகுக்கப்பட்டது. அதன் விளைவை ஸ்மோக்கி பூங்காவின் நீள வரம்புகளில் படிக்கலாம். கேட்ஸ் கோவ், ஸ்மோக்மான்ட் திடல்களில் மோட்டார் வீட்டுக்கு 40 அடி, எல்க்மான்ட்டில் 35 அடி, காஸ்பியில் 25 அடி, ஏப்ரம்ஸ் கிரீக்கில் வெறும் 12 அடி. பெரிய வண்டி வைத்திருப்பவருக்கு இது தடை. சிறிய வண்டியோ கூடாரமோ வைத்திருப்பவருக்கு இதுவே உத்தரவாதம். 25 அடி வரம்புள்ள திடலில் பக்கத்து மனைக்கு எது வந்து நிற்க முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கூடாரத்தோடு போகும் குடும்பம் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே இரவு எப்படிக் கழியும் என்று பாதி ஊகித்துவிடலாம். ஜெனரேட்டர் அறவே இல்லாத வளையங்களைத் தனியே பிரித்து வைத்திருப்பதும் இந்தப் பூங்காவில் உண்டு. மற்ற இடங்களில் காலை 8 முதல் இரவு 8 வரைதான் அதை ஓட்டலாம்.

தண்ணீர் விஷயத்தில் நிலவும் எண்ணம் தவறு என்பதோடு நிற்பதில்லை, ஆளையே கொல்லவும் செய்கிறது. ஓடைக்கரை மனைக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் திடல்கள் ஏராளம், கொடுக்கவும் போட்டி. சலசலப்பு காதுக்கு இனிது, பிள்ளைகள் கால் நனைக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். 2010 ஜூன் 11 அதிகாலையில் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஒவாச்சிட்டா தேசிய வனத்தில் லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் 20 அடிக்கு மேல் ஏறியது. அதன் கரையிலிருந்த ஆல்பர்ட் பைக் முகாமில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் இறந்தார்கள். அந்தத் திடலில் வண்டிகளுக்கான இணைப்புகள் கொடுக்கப்பட்டிருந்த பகுதி ‘டி’ வளையம். இறந்தவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்ததும் அங்கேதான். வசதிப் பட்டியலின்படி அந்த முகாமின் சிறந்த பகுதி அது. வெள்ளம் பரவும் படுகைக்குள் அது அமைந்திருந்ததைப் பட்டியலின் எந்தக் கட்டமும் காட்டியிருக்காது.

இது ஒரு தனித்த விபத்து என்று ஒதுக்கிவிட முடியாதபடி நிகழ்வுகள் தொடர்கின்றன. ஸ்பெயினின் பியெஸ்காஸ் ஊரில் 1996 ஆகஸ்ட் 7 அன்று வெள்ளம் 87 பேரைக் கொண்டுபோன திடல், மலையோடை காலங்காலமாக மண்ணும் கல்லும் கொண்டுவந்து விசிறி போலப் பரப்பிய மேட்டின்மேல் அமைந்திருந்தது. தடுப்பணைகள் கட்டி ஓடையை அடக்கியாயிற்று என்று நம்பியிருந்தார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழை ஸ்மோக்கியின் கிழக்குப் புறத்தைப் புரட்டிப் போட்டபோது பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ–40 நெடுஞ்சாலையின் பகுதிகளே இடிந்து ஆற்றில் விழுந்தன. கேட்டலூச்சி, பிக் கிரீக் திடல்கள் மூடப்பட்டன. வட கரோலினாவில் ஆற்றோர ஆர்.வி. திடல்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2025 ஜூலை 4 விடியலில் டெக்சாஸில் குவாடலூப் ஆறு பெருகி 100க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும், கரையோர ஆர்.வி. திடல்கள் தப்பவில்லை.

ஆர்.வி. திடல்கள் ஏன் மீண்டும் மீண்டும் ஆற்றோரத்திலேயே முளைக்கின்றன என்பதற்கு அழகுணர்ச்சியைக் காரணம் காட்டுவது வழக்கம். உண்மைக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. வெள்ள அபாயப் பகுதியில் வீடு கட்டுவதென்றால் தரைமட்டத்தை உயர்த்த வேண்டும், அடித்தளத்தோடு பிணைக்க வேண்டும் என்று கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் தொடர்ந்து 180 நாளுக்குக் குறைவாக நிற்கும், உரிமம் பெற்ற, எந்நேரமும் சாலையில் ஓடத் தயாராக இருக்கும் ஆர்.வி.க்கு அந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. வெள்ளம் வந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்பது விதியின் கணக்கு. வீடு கட்டச் செலவு பிடிக்கும் நிலம் அப்படித்தான் வண்டி நிறுத்தும் மனையாகிறது. தமிழ்நாட்டில் ஆற்றுப் புறம்போக்கில் என்னென்ன முளைக்கின்றன என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொருளாதாரம் புதிதாக இராது. நள்ளிரவில் இணைப்புக் குழாய்களைக் கழற்றி, பக்கச் சுவர்களை உள்ளிழுத்து, தாங்குகால்களை மடக்கி, ஒற்றைப் பாலத்தின் வழியே ஐம்பது வண்டிகள் வரிசையில் கிளம்புவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை விதி எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை போலும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று அதற்குப் பொருளில்லை; எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். 30 ஆண்டு நடக்கும் திடல் ஒன்று அதைச் சந்திக்க நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. மழை திடலின்மேல் பெய்ய வேண்டும் என்பதும் இல்லை. பத்து மைல் மேலே மலையுச்சியில் பெய்தால் போதும், கீழே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே ஓடை ஏறும். ஸ்மோக்கியில் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு 55 அங்குல மழை, உச்சிகளில் 85 அங்குலம். அங்குள்ள பெரும்பாலான திடல்களில் கைபேசி அலையும் எட்டாது. எனவே ஓடைக்கரை மனையைப் பார்க்கும் கண் முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டத்துக்கும் படுக்கும் தரைக்கும் இடையே எத்தனை அடி, தப்பி ஏற எந்தப் பக்கம் மேடு, வெளியேறும் வழி ஓடையைக் கடக்கிறதா என்பவற்றை. கூட்டாட்சி அரசின் வெள்ள வரைபடங்கள் எவரும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு திடலின் முகவரியை அதில் இட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நீச்சல் குளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் செலவாகும் நேரம் அதற்குக் குறையாது.

உயரத்தைப் பட்டியல்கள் குறிப்பிட்டாலும் அதற்குப் பொருள் சொல்வதில்லை. எல்க்மான்ட் 2,150 அடி உயரத்திலும் பால்சம் மவுண்டன் 5,310 அடி உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்தால் ஒரே பூங்காவுக்குள் இரண்டு திடல்களுக்கிடையே 6 டிகிரி வேறுபாடு. ஜூலைப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாமல் கூடாரத்தில் தூங்க முடியாது என்பவர் கேட்க வேண்டியது மின்சாரத்தைத்தானா, மலை ஏறினால் ஆகாதா என்பது நியாயமான கேள்வி. அக்டோபரில் அதே உயரம் பகையாகும். குளிர்காற்று கனமானது, இரவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதும் சேர்த்தால், ஓடையோரப் பள்ள மனையைவிட இருபதடி மேலே சரிவில் இருக்கும் மனை கதகதப்பாக இருப்பதில் வியப்பில்லை.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். நிழல் என்று பட்டியலில் வரும் மரம் உயிரோடிருக்கிறதா என்பது வேறு விஷயம். ஹெம்லாக் மரங்களை அழிக்கும் பஞ்சுப்பூச்சி ஸ்மோக்கியில் 2002இல் கண்டறியப்பட்டது. ஆஷ் மரங்களைத் துளைக்கும் வண்டு பத்தாண்டுக்குப் பின் வந்தது. நின்றபடியே செத்த மரங்கள் இந்த மலைகளில் ஏராளம். வண்டியின் கூரையில் விழுந்தால் நசுங்கல், துணிக்கூரையில் விழுந்தால் உயிர். கூடாரம் விரிக்குமுன் அண்ணாந்து பார்ப்பது இங்கே சடங்கில்லை, தேவை.

குடும்பங்களின் பெயரால் சொல்லப்படும் வாதம்தான் எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம். பிள்ளைகள் இருந்தால் குளம் வேண்டும், விளையாட்டுத் திடல் வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொழுது போகாமல் தவிப்பது பெரும்பாலும் ஜல்லித் தரையும் வேலியும் உள்ள இடங்களில்தான். கல்லும் சேறும் தவளையும் உள்ள இடத்தில் பொழுது போதவில்லை என்றுதான் சண்டை வரும். எல்க்மான்ட்டை எடுத்துக்கொள்ளலாம்: குளியலறை இல்லை, மின் இணைப்பு இல்லை. ஆனால் மே இறுதி, ஜூன் வாக்கில் ஒரே தாளத்தில் மின்னி அணையும் மின்மினிகள் அங்கே எழும். அதைக் காண வருவோருக்கு வண்டி அனுமதியைக் குலுக்கல் முறையில்தான் தருகிறார்கள். அந்த நாட்களில் எல்க்மான்ட்டில் முகாம் மனை வைத்திருப்பவர் குலுக்கல் இல்லாமலே நடந்துபோய்ப் பார்க்கலாம். வசதிக் கணக்கில் சுழியம் வாங்கும் திடல், நாடெங்கிலுமிருந்து வருபவர்கள் ஏங்கும் திடலாகிவிடுகிறது.

குடும்பத்துக்கு உண்மையில் தீர்மானமானவை வேறு. கழிப்பறை எத்தனை தப்படி, நடுராத்திரியில் ஐந்து வயதுப் பிள்ளையையோ எழுபது வயதுப் பாட்டியையோ கூட்டிக்கொண்டு போகும் பாதை எப்படி, சாலை வளையத்தில் பின்னோக்கி வரும் பெரிய வண்டிகள் எத்தனை என்பவையே அவை. கழிப்பறைக்கு மிக அருகில் உள்ள மனை நல்லது என்ற எண்ணமும் பாதிதான் சரி; இரவெல்லாம் கதவு அடிக்கும், விளக்கு எரியும், அவ்வழி போகிறவர்கள் எல்லாரும் இந்த மனையைக் குறுக்கு வழியாக்குவார்கள். மூன்றாவது நான்காவது மனையே தேவலை. கூட்டமாகப் போவோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. அட்லாண்டாவிலிருந்தும் சார்லட்டிலிருந்தும் நீண்ட வார இறுதிகளில் மூன்று நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து இந்த மலைக்குக் கிளம்புவது வழக்கம். ஸ்மோக்கியில் ஒரு மனைக்கு ஆறு பேர்தான் வரம்பு. பிரியாணி அண்டாவும் பதினைந்து பேரும் ஒரே மனையில் அடங்காது. குழு மனைகள் தனியே உண்டு, அவற்றைத்தான் கேட்க வேண்டும். சுமார் 1,900 கருங்கரடிகள் உலவும் காட்டில், சமைத்த மீதியும் பற்பசையும்கூட இரவில் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டியவை.

வசதி எல்லாமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைக்குக் கருவி பொருத்திக்கொள்பவர், குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினைக் கொண்டுவருபவர், கைக்குழந்தையின் துணி அலசுபவர் ஆகியோருக்கு மின்சாரமும் வெந்நீரும் ஆடம்பரமல்ல. பெரிய ஆர்.வி.க்கு 50 ஆம்பியர் இணைப்பு 12,000 வாட் வரை தரும், 30 ஆம்பியர் 3,600 வாட்தான் தரும், இரண்டு ஏ.சி. உள்ள வண்டியை இரண்டாவதில் நிறுத்தினால் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். இது தெரியாமல் ‘மின்சாரம் உண்டு’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பதிவு செய்பவர் வெயிலில் வேகிறார். ஒருவருக்கு இன்றியமையாத இரண்டு வசதிகளைக் கேட்பது தேர்வு. இருபதையும் கேட்பது தேர்வைத் தட்டிக்கழிப்பது. அந்த இரண்டு வசதிக்காகத் தனியார் திடலுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. டென்னசிப் பக்கம் செரோக்கி தேசிய வனத்தின் இந்தியன் பவுண்டரி, டி.வி.ஏ. நிறுவனத்தின் டக்ளஸ் அணைத் திடல்கள் மின் இணைப்பைத் தருகின்றன. நாட்டின் பிற பகுதிகளில் ராணுவப் பொறியியல் படை தன் நீர்த்தேக்கக் கரைகளில் நடத்தும் திடல்கள் பலவற்றில் இணைப்பும் உண்டு, மனைகளுக்கிடையே தாராள இடைவெளியும் உண்டு. 62 வயது கடந்த குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் முதியோர் அட்டை வைத்திருந்தால் கூட்டாட்சித் திடல்கள் பலவற்றில் பாதிக் கட்டணம்.

அருகாமை என்ற வாதமும் மைல் கணக்கில் நிற்கிறது, மணிக் கணக்கில் விழுகிறது. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கைச் சுற்றும் சாலை 11 மைல்தான், ஒருவழி. கூட்ட நாட்களில் அதைச் சுற்றி வர இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ் நகர்ப்புறத் திடல்கள் பூங்கா எல்லைக்கு ஒட்டியவை என்று விளம்பரம் செய்கின்றன. கோடை நெரிசலில் அந்த ஒட்டுதலைக் கடப்பதே ஒரு காலைப்பொழுது. டவுன்சென்ட் பக்கம் சற்றுத் தள்ளியிருந்தாலும் அமைதி கூடுதல். ஆர்.வி.க்காரருக்கு இது இன்னும் கடுமை. நிறுத்தி மட்டம் பார்த்து இணைத்த வீட்டை ஒவ்வொரு காலையும் கழற்றிக்கொண்டு ஓட்ட முடியாது. ரோரிங் ஃபோர்க் போன்ற குறுகிய சாலைகளில் ஆர்.வி. நுழையவும் கூடாது. பின்னால் சிறு கார் ஒன்றை இழுத்து வராதவருக்கு, திடலிலிருந்து நடந்தே போகக்கூடிய பாதைகள் எத்தனை என்பதுதான் அருகாமையின் சரியான அளவு. மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் கேட்ஸ் கோவ் வளையத்தில் மோட்டார் வண்டிகள் கிடையா; அன்று அந்தத் திடலில் சைக்கிளோடு இருப்பவருக்கு அருகாமை என்ற சொல் முழுப் பொருளில் கைகூடும்.

பயனர் கருத்துரைகள் இந்தக் குறைகளை ஈடு செய்யும் என்பது கடைசி நம்பிக்கை. ஒரு கருத்துரை சொல்வது ஒரு மனையில், ஒரு வானிலையில், ஓர் அண்டை வீட்டாரோடு கழிந்த ஓர் இரவை. ஏப்ரல் செவ்வாய்க்கிழமை தங்கியவர் தந்த ஐந்து நட்சத்திரம் ஜூலை நான்காம் தேதி விடுமுறைக் கூட்டத்துக்கு ஒன்றும் உரைக்காது. அவற்றில் பயனுள்ளவை, மனை எண்ணைக் குறிப்பிட்டுத் தரையையும் சரிவையும் பற்றிப் பேசுபவை மட்டுமே. கூட்டாட்சித் திடல்களின் முன்பதிவுத் தளம் ஒவ்வொரு மனைக்கும் வண்டித் தடத்தின் நீளம், சரிவு, நிழல், எத்தனை பேருக்கு இடம் என்று தனித்தனியே காட்டுகிறது, படமும் இருக்கும். திடலைத் தேர்வதாக நினைத்துக்கொண்டிருப்பவர் உண்மையில் தேர்வது ஒரு மனையை. ஒரே திடலில் 12ஆம் எண் சொர்க்கமாகவும் 14ஆம் எண் குட்டையாகவும் இருக்கலாம்.

ஸ்மோக்கியின் மனைகளை ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம். கோடை வார இறுதிகள் அப்போதே தீர்ந்துவிடும், வாரநாட்கள் மிஞ்சும். வாரநாளில் வருபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: வந்து பார்த்த மனை பிடிக்காவிட்டால் மாற்றிக் கேட்க வேறு மனை காலியாக இருக்கும். அதற்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். மனையை ஒருமுறை சுற்றி நடந்து, சென்ற மழையின் நீர் ஓடிய தடத்தைத் தரையில் தேடி, சருகும் மணலும் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்து, அண்ணாந்து கிளைகளை நோக்கி, அதன் பிறகே வண்டியை நிறுத்த வேண்டும். கூடாரத்தின் முதல் முளை அதற்கும் பிறகு.